கோ, பி.கே.எம்., அப்புறம் ஆனைமலை அம்மாயி

ராவே என்று சொன்னால் வேளாண்மை படித்தவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இளங்கலை கடைசி வருடத்தில் எங்களைக் குழுக்களாகப் பிரித்து ஏதாவது ஒரு வட்டாரத்தில் தங்க வைத்துவிடுவார்கள், விவசாயிகள் கூடவே இருந்து கற்றுக்கொண்டு வரவேண்டும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்தபோது, 2015-ல், எங்கள் குழுவுக்குக் கிடைத்தது ஆனைமலைப் பக்கம்.

அங்கே போய்ச் சேர்ந்த வாரமே கோயில் முன்னால் கோலமாவில் ஊர் வரைபடம் போட்டோம். சுற்றி நின்றவர்கள் "வாய்க்கா இப்படித் திரும்பாதுங்க" என்றார்கள், ஒரு சின்னப் பையன் காலால் அழித்துவிட்டு அவனே சரியாக வரைந்தான்.

அடுத்து விதைநெல் தேர்வு. 10 லிட்டர் தண்ணீருக்கு 1.5 கிலோ உப்பு, அதில் ஒரு நல்ல முட்டையைப் போட்டால் 25 பைசா அகலத்துக்கு மேலே தெரிகிற மாதிரி மிதக்க வேண்டும். அப்போது கரைசல் சரி, நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வந்துவிடும், முற்றிய விதை அடியில் தங்கும், எடுத்து இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிடலாம். எங்கள் முட்டை அடியிலேயே கிடந்தது. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாயி எழுந்து வீட்டுக்குள் போய், முறத்தில் கல்லுப்பு கொண்டுவந்து கொட்டிக் கலக்கினார். "பொறு அம்மிணி, கரையட்டும்." முட்டை மெதுவாக எழுந்து வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அவரிடம் என்ன ரகம் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "கோ அம்பத்தொன்னு." கோ என்றால் கோயம்புத்தூர், எங்கள் வளாகத்து வயலில் பிறந்த நெல் என்றேன். அவர் அதை ஏதோ கம்பெனி பேர் என்று நினைத்திருந்தாராம். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் சொன்னேன்: ஏ.டி.டி. ஆடுதுறை, ஏ.எஸ்.டி. அம்பாசமுத்திரம், டி.கே.எம். திரூர்க்குப்பம், எல்லாம் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்கள். கோவையில் தேர்ந்தெடுத்த, கிச்சிலிச் சம்பா என்றும் சொல்லப்படுகிற ஜி.இ.பி. 24 நெல் பற்றிச் சொன்னபோதுதான் முகம் மலர்ந்தது, கிச்சிலி அவருக்குத் தெரிந்த நெல். அதன் வழியில் டி.கே.எம். 6, அதன் வழியில் ஐ.ஆர். 20 என்று வம்சம் சொல்லிக்கொண்டே போனேன், அவர் சம்பந்தி வீட்டு உறவு விசாரிப்பது போலக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சைதாப்பேட்டையில் 1868-ல் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகமான இடம் எங்களுடையது. பழைய மாணவர் என்றதும் எல்லோரும் எம்.எஸ். சுவாமிநாதனைச் சொல்வார்கள், நானும் சொல்வேன். வீட்டில் மருத்துவராக்க நினைத்த பிள்ளை, 1943 வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு கோவைக்கு வேளாண்மை படிக்க வந்தார், 1987-ல் உலக உணவுப் பரிசை முதன்முதலாக வாங்கியவரும் அவர்தான். ஆனால் எனக்கு இந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய சாதனை விதைப் பையில் இருக்கிற அந்த மூன்றெழுத்துகள்தான். அந்த ரகங்களை உருவாக்கியவர்கள் பேர் பையில் இருக்காது.

சில வருடம் கழித்து வேலை விஷயமாக அரவக்குறிச்சிப் பக்கம் போனேன். முருங்கைத் தோட்டத்தில் ஒரு அண்ணன் சொன்னார், அவங்க அப்பா காலத்தில் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டுத்தான் மரம், இப்போது பி.கே.எம். விதையைப் போட்டால் ஆறு மாதத்தில் காய். பி.கே.எம். என்றால் பெரியகுளம் அண்ணா, அங்கே எங்கள் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, 1989-ல் வந்த ரகம் என்றேன். காயைப் பறித்துக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார், காசு வாங்க மாட்டேன் என்றார்.

ஆனைமலை அம்மாயி இன்னும் விதைப்பு நேரத்தில் போன் செய்கிறார். போன தடவை விதை எங்கே கிடைக்கும் என்று கேட்பார் என நினைத்து, விரிவாக்க மையத்தில் விசாரித்து வைத்திருந்தேன். அவர் அதற்கெல்லாம் கூப்பிடவில்லை. "நாத்து விட்டாச்சு அம்மிணி. முட்டை மொதத் தடவையே மெதந்துருச்சு, அதச் சொல்லத்தான்."