புதுப்பிப்பு: டிரிப் சொட்டுக் கணக்கு பிடிபட்டது

கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்துவிட்டு, சேலத்தில் நர்சிங் சேர்ந்தபின் டிரிப் வேகக் கணக்கு குழம்புகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அந்தப் பகுதியில் தேறியாயிற்று.

கைகொடுத்தது இங்கே பதில் எழுதிய செவ்வாய்ப்பேட்டை அக்கா சொன்ன வழிதான்: எண்ணுக்கு முன் அலகை எழுதுவது. 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் (டிரிப் குழாய்) என்றால், 500 × 20 ÷ 240 = 41.67, நிமிடத்துக்கு 42 சொட்டு. மணியை நிமிடமாக்க மறந்தால் 2,500 வரும். அலகு 'சொட்டு/மணி' என்று நின்று தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். (வாய்ப்பாடு போல அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொன்ன தம்பி மன்னிக்கணும், செட் மாறினால் அது உதவாது.)

எதிர்பாராதது அந்தச் செட்தான். எல்லாமே 20 இல்லை, 15 சொட்டு செட்டும் உண்டு. உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே கணக்கு. சின்னச் சொட்டாக விழும் மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு. அதில் மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. பெருக்கலே வேண்டாம்.

வார்டில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கலாம். 42க்கு 10 அல்லது 11 விழ வேண்டும். நோயாளி கையை மடக்கினாலோ எழுந்து உட்கார்ந்தாலோ வேகம் மாறும், மறுபடி எண்ணுங்கள்.

ஊசி மருந்துக்கும் இதே வழிதான்: 2 மில்லியில் 80 மி.கி. இருக்க, 60 மி.கி. கேட்டால் 60 ÷ 80 × 2 = 1.5 மில்லி.