வீட்டில் ஜெர்மன் பழக்க விளையாட்டு மட்டும் போதுமா?

நிலாமுற்றம்
மகளுக்கு 6 வயது. ஜெர்மன் கற்கிறாள். வீட்டில் பாடப்புத்தகத்தைத் திறந்தாலே முகம் சுருங்கிவிடும். அதனால் அதை மூடி வைத்துவிட்டு அவளுடைய கரடிப் பொம்மையைக் கையில் எடுத்தேன். ஒரே ஒரு விதிதான்: கரடிக்குத் தமிழ் தெரியாது. கரடிக்குப் பசிக்கும், குளிரும், கரண்டி கேட்கும், மாற்றிக் கொடுத்தால் அழும். மூன்று மாதமாகத் தினமும் பதினைந்து நிமிடம். நேற்று நான் மறந்துவிட்டேன். அவளே கரடியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது என்னமோ சொல்லுது, வாம்மா" என்று கூப்பிட்டாள். வீட்டில் மொழி பழக விளையாட்டே போதும் என்பது என் முடிவு. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கல்தச்சன்
இருக்கிறது சகோதரி. என் மகனுக்கு 5 வயதில் தொடங்கி இரண்டு வருடம் இதே வழியில்தான் போனேன். நிறம், மிருகம், எண், கொடு, வா, உட்கார் எல்லாம் சரளமாக வந்தன. அதற்கு மேல் நகரவே இல்லை. ஆட்டத்துக்கு வேண்டிய சொல் கிடைத்ததும் பிள்ளை அதோடு நின்றுவிடுகிறான்.

இலக்கணத்தில் விழுந்த அடி இன்னும் பெரிது. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு, அதை முன்னால் வரும் டேர், டீ, டாஸ் காட்டும். கரண்டி ஆண்பால், டேர் லோஃபெல். முள்கரண்டி பெண்பால், டீ காபெல். கத்தி நடுப்பால், டாஸ் மெஸ்ஸர். ஒரே மேசையில் கிடக்கும் மூன்றுக்கும் மூன்று பால், பொருளைப் பார்த்து ஊகிக்கவே முடியாது. போதாததற்கு, "கரண்டியைக் கொடு" என்னும்போது டேர் என்பது டேன் ஆகிவிடும். இவன் "கிப் மியர் (எனக்குக் கொடு) டேர் லோஃபெல்" என்றே பழகிவிட்டான். தப்பாகக் கேட்டாலும் கரண்டி கைக்கு வந்துவிடுகிறதே, ஏன் திருத்திக்கொள்ளப் போகிறான்? இப்போது 9 வயது. அந்த ஒரு சொல்லை மாற்ற நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

நிலாமுற்றம்
எங்கள் கரடி திருத்துமே! அவள் தப்பாகக் கேட்டால், "ஆ, டேன் லோஃபெல்!" என்று சரியாகச் சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுக்கும்.

கல்தச்சன்
அது அவள் காதில் ஏறுகிறதா என்று கவனித்தீர்களா? கனடாவில் பிரெஞ்சு வழிக் கல்வி வகுப்புகளை லிஸ்டர், ராண்டா என்ற இருவர் ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது நீங்கள் சொல்லும் இந்த முறைதான். பிள்ளைகள் மிகக் குறைவாகத் திருத்திக்கொண்டதும் இதில்தான்.

பனிமூட்டம்
இவ்வளவு எதற்கு? ஜெர்மன் கார்ட்டூன் போட்டுவிட்டால் உச்சரிப்பும் சேர்ந்து வந்துவிடாதா?

தூறல்
தனியாக உட்காரவைத்துவிட்டால் வராதுங்க. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கக் கொடுத்தார்கள். நேரில் ஆள் பேசி விளையாடிய குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதையே திரையில் பார்த்தவை அறியவில்லை. அது கைக்குழந்தைகளைப் பற்றியது, 6 வயதுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பதை என் வகுப்பிலும் தினம் பார்க்கிறேன்.

கல்தச்சன் சார், நீங்கள் காட்டிய ஆய்வில் மறுபாதியையும் சொல்லுங்கள். ஆசிரியர் வாக்கியத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தும்போது பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொண்டார்கள். நிலாமுற்றம் தோழி, உங்கள் கரடி ரொம்ப நல்ல கரடி, அதுதான் சிக்கல். அரைகுறையாகக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறது. இனி கையை நீட்டி, "கிப் மியர்…" என்று இழுத்துவிட்டுக் காத்திருக்கட்டும். "வீ பிட்டே?" (என்ன சொன்னாய்?) என்று மட்டும் கேட்காதீர்கள். காது கேட்கவில்லை என்று நினைத்து அதே பிழையை இன்னும் உரக்கச் சொல்வார்கள்.

சொற்கள் தேங்கி நிற்பதற்கும் வழி உண்டு. புதுச் சொல்லைத் திணிக்காமல் ஆட்டத்தில் ஒரு சங்கடத்தைக் கொண்டுவாருங்கள். கரண்டியை ஒளித்து வையுங்கள். கீழே, பின்னால், உள்ளே எல்லாம் அவளுக்கே தேவைப்படும்.

கல்தச்சன்
மறுபாதியை விட்டது என் தவறு, ஏற்கிறேன். ஆனால் என் மகனுக்குப் பால் பிடிபட்டது நோட்டில் மூன்று நிறத்தில் எழுதிய பிறகுதான். கேட்டதைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும்.

நிலாமுற்றம்
இன்று செய்து பார்த்தேன். "கிப் மியர்…" என்று நிறுத்தியதும் கரடியையே உற்றுப் பார்த்தாள். "டேர்… டீ…" உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு "டேன்!" நான் கரண்டியை எடுப்பதற்குள் அவளே பிடுங்கிக் கரடி கையில் வைத்துவிட்டாள்.

கல்தச்சன்
மூன்றாவதாக வந்தது ஊகமாகவும் இருக்கலாம் சகோதரி. நாளை பொம்மைக் கத்தியைக் கேளுங்கள். டாஸ் அந்த இடத்தில் மாறாது. அதற்கும் "டேன்" என்றால் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

நிலாமுற்றம்
சரி. நாளை ஆட்டம் முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.