பிரிண்ட் கொடுத்தால் சிஸ்டம் அணைகிறது: யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப்புக்கு ஒரு விநோத வியாதி வந்தது. படம் பார்க்கலாம், டைப் அடிக்கலாம், ஒன்றும் ஆகாது. லேசர் பிரிண்டரில் பிரிண்ட் கொடுத்தால் மட்டும், காகிதம் உள்ளே இழுபடும் நேரத்தில் சிஸ்டம் பட்டென்று அணைந்து தானாகவே மறுபடி கிளம்பும்.

முதலில் வைரஸ் என்று நினைத்து விண்டோஸை அழித்து மறுபடி போட்டேன். அப்புறம் சிஸ்டத்தில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கர்னல் பவர் 41' வரிசையாக நிற்கிறது. பவர் என்ற சொல்லைப் பார்த்ததும், சிஸ்டத்துக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் அந்த 41 எதையும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். கடைக்காரர் மதர்போர்டு போயிருக்கும் என்றார். நான் அவரைவிடக் கெட்டிக்காரன் என்ற நினைப்பில் 450 வாட் எஸ்எம்பிஎஸ் புதிதாக வாங்கி மாட்டினேன். மறுநாள் பிரிண்ட் கொடுத்தேன். மறுபடி பட்!

சுவர் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்தால் 231 வோல்ட். இந்த எண்தான் என்னை ஒரு வாரம் ஏமாற்றியது.

ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "சும்மா இருக்கிற பாயின்ட்ல வோல்டேஜ் பாத்து என்ன தம்பி பிரயோஜனம்? லோடு குடுத்துப் பாருங்க" என்று சொல்லி, இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கி அதே போர்டில் செருகினார். மீட்டர் 200க்குக் கீழே இறங்கி ஏறி ஆடியது. போர்டுக்குள் கிர்ர் என்று ஒரு சத்தம். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினால், நியூட்ரல் கம்பியின் திருகு தளர்ந்து இன்சுலேஷன் கருகிக் கிடந்தது.

லேசர் பிரிண்டரில் டோனரை உருக்கி ஒட்டும் ஹீட்டர் சில நூறு வாட் இழுக்கும். அந்த இழுப்பில்தான் தளர்ந்த இடம் பொறி பறந்து, கண நேரம் விட்டு விட்டுப் பிடித்திருக்கிறது. மின்சாரம் விட்டுப்போனால் முழு லோடில் எஸ்எம்பிஎஸ் தாக்குப் பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லி விநாடிதான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி விநாடி. கம்பி நுனியை வெட்டி, திருகை முறுக்கியதோடு வேலை முடிந்தது. நல்ல நிலையில் இருக்கிற பழைய எஸ்எம்பிஎஸ் இப்போது பீரோ மேல் தூங்குகிறது.

* * *

உங்கள் இஸ்திரிப் பெட்டிக் கதையேதான் எனக்கு எஸ்எம்பிஎஸ் உள்ளேயே நடந்தது. சிஸ்டம் கிளம்பவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியாக ஓடவிட்டுப் பார்க்க, மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்றி, அதன் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். ஃபேன் ஜோராகச் சுற்றியது, மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் சரியாக வந்தது. அதனால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று நம்பி ரேமையும் மதர்போர்டு பேட்டரியையும் மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் மாட்டிய நிலையிலேயே, கனெக்டரின் பின்பக்கம் வழியாக மீட்டர் முனையை விட்டு, ஆன் செய்யும்போது பார்த்தேன். அதே மஞ்சள் ஒயரில் 10.6 வோல்ட். 11.4க்குக் கீழே போகக்கூடாது. கிளிப் வைத்துப் பார்ப்பது 'செத்துவிட்டதா' என்பதற்குத்தான் பதில் சொல்லும், 'சுமக்குமா' என்பதற்கு அல்ல.

யாரும் ஆர்வத்தில் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

* * *

என்னுடையது வேறு மாதிரி. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்றது, டெஸ்டர் விளக்கும் எரிந்தது. எஸ்எம்பிஎஸ் லீக் என்று எல்லோரும் சொன்னார்கள். சாக்கெட்டில் எர்த் கம்பியே இணைக்கவில்லை! எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரம் நுழையும் வாசலில் ஃபேஸ் கம்பியிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இரண்டு குட்டி கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் மெயினில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்குப் பாடியில் வந்து நிற்கும். எர்த் போட்டதும் டெஸ்டர் அணைந்துவிட்டது. முதல் பதிவு போட்டவரே, அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்? விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்.