ஒரே ராத்திரில 740 மெயில், எல்லாத்தையும் டெலீட் அடிச்சிரலாமா?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நேத்து நைட் பதினொரு மணிக்கு போன சைலன்ட்ல போட்டு படுத்தேன், காலைல எந்திரிச்சு பாத்தா ஜிமெயில்ல புதுசா 740 மெயில். எல்லாமே "எங்க நியூஸ்லெட்டர்ல சேந்ததுக்கு நன்றி", "உங்க அக்கவுண்ட கன்ஃபர்ம் பண்ணுங்க" இந்த டைப்தான். ஜெர்மன்ல ஒண்ணு, போர்ச்சுகீஸ்ல ஒண்ணு, எங்கயோ இருக்கற நாய் பிஸ்கட் கடைலேருந்து மூணு. எங்க வீட்ல நாயே கிடையாதுங்க. ஒவ்வொண்ணா திறந்து அன்சப்ஸ்கிரைப் அமுக்கிட்டு வரேன், அறுபது முடிக்கறதுக்குள்ள இன்னொரு தொண்ணூறு வந்து நிக்குது. பேங்க், பிஎஃப், இன்கம்டாக்ஸ் எல்லாம் இந்த ஐடிலதான், மாத்தவும் முடியாது. மொத்தமா செலக்ட் பண்ணி தூக்கிரலாமா?

கட்டெறும்பு:
தூக்காதீங்க!! அன்சப்ஸ்கிரைப் பண்றதையும் இப்ப நிறுத்துங்க. இது சாதா ஸ்பேம் இல்ல, மெயில் பாம்னு சொல்லுவாங்க. எவனோ உங்க ஐடிய ஒரு ப்ரோக்ராம்கிட்ட குடுத்து ஊர் உலகத்துல இருக்கற சைட் ஃபார்ம்ல எல்லாம் போட வச்சிருக்கான். அனுப்பறது எல்லாம் நிஜ கம்பெனிங்க, அதான் ஸ்பேம் ஃபில்டர் புடிக்கல. ஆனா உங்களுக்கு நாய் பிஸ்கட் விக்கறது அவன் நோக்கமே இல்ல, இந்த குப்பைக்கு நடுவுல ஒரே ஒரு மெயில நீங்க பாக்காம விடணும், அவ்ளோதான் அவனுக்கு வேணும். முதல்ல பேங்க் ஆப்ப திறந்து ஸ்டேட்மென்ட் பாருங்க. அப்புறம் மெயில் சர்ச்ல ட்ரான்சாக்ஷன், ஆர்டர், பாஸ்வேர்ட்னு இங்கிலீஷ்ல ஒவ்வொண்ணா போட்டு தேடுங்க, உங்க பேங்க் பேரையும் போட்டு பாருங்க. ஸ்பேம், ட்ராஷ் ரெண்டுலயும் தேடணும்.

நூல்கண்டு:
அண்ணா கை நடுங்குது. கிடைச்சிருச்சு. நைட் 2:47க்கு கிரெடிட் கார்டுல 18,400 போயிருக்கு, ஏதோ வெளிநாட்டு சைட். பேங்க் மெயில் அந்த கூட்டத்துக்குள்ள கிடந்துச்சு. ஓடிபியே வரலயே எப்படி?? எஸ்எம்எஸ் ஏன் வரலன்னு பாத்தா கார்டுல இன்னும் என் பழைய நம்பர்தான் இருக்கு, சிம் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு, அப்டேட் பண்ணவே இல்ல.

கட்டெறும்பு:
வெளிநாட்டு சைட்ல நிறைய எடத்துல ஓடிபி கேக்காதுங்க, கார்டு நம்பர், எக்ஸ்பைரி தேதி, பின்னாடி இருக்கற மூணு நம்பர் இருந்தா போதும். இப்பவே கார்ட பிளாக் பண்ணுங்க, பேங்க்ல கம்ப்ளெயின்ட் குடுத்து நம்பர் வாங்கி வைங்க, சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கும் கால் பண்ணுங்க. உங்க மேல தப்பு இல்லாம வெளியாள் பண்ணினதா இருந்து, மூணு வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொல்லிட்டா நஷ்டம் உங்க தலைல விழக்கூடாதுன்னு 2017லயே ஆர்பிஐ சர்குலர் இருக்கு, அத சொல்லி கேளுங்க. புது கார்டு வந்ததும் ஆப்ல இன்டர்நேஷனல் யூசேஜ ஆஃப் பண்ணிருங்க. இன்னொண்ணு, ஜிமெயில் செட்டிங்ஸ்ல ஃபில்டர், ஃபார்வர்டிங் ரெண்டையும் பாருங்க. உங்க மெயிலுக்குள்ள எவனாவது பூந்திருந்தா, பேங்க் மெயில் வந்தா நேரா ட்ராஷுக்கு போற மாதிரி ஃபில்டர் போட்டு வச்சிருப்பான், நீங்க பாஸ்வேர்ட் மாத்தினாலும் அது அப்படியே இருக்கும்.

பழைய மோடம்:
தம்பி, அவசரம் முடிஞ்சதும் இதையும் படிங்க. மெயில் ஐடி என்ன பிரசாதமா, கேக்கறவங்களுக்கெல்லாம் குடுக்க? ஜவுளிக்கடைல பில் போடற பொண்ணு கேட்டா இல்லம்மான்னு சொல்லிருங்க, துணிய குடுத்துதான் ஆகணும். நான் பேங்குக்கு ஒரு ஐடி, மத்த கண்டதுக்கு ஒரு ஐடின்னு பல வருஷமா வச்சிருக்கேன், ரெண்டாவதுல என்ன கொட்டினாலும் கவலையில்ல. ஜிமெயில் ஐடில @க்கு முன்னாடி ப்ளஸ் போட்டு கடை பேர சேத்து குடுத்தாலும் மெயில் நமக்கே வரும், எவன் வித்தான்னு தெரிஞ்சிரும். எனக்கு ஒரு தடவ லோன் கேக்கறியான்னு வந்த மெயில்ல, நான் லேப்ல ரத்த டெஸ்டுக்கு குடுத்த ப்ளஸ் ஐடி இருந்துச்சு!

கட்டெறும்பு:
ஸ்பேம் அனுப்பறவனுக்கு ப்ளஸ்ஸ வெட்டிட்டு மெயின் ஐடிக்கு அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது சார். உங்க ரெண்டு ஐடி ஐடியாதான் பெஸ்ட். இமேஜ் தானா லோட் ஆகறதையும் ஆஃப் பண்ணி வைங்க, சில மெயில்ல கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டி படம் இருக்கும், நீங்க திறந்தா அனுப்பினவனுக்கு தெரிஞ்சிரும். அன்சப்ஸ்கிரைப் பொறுத்தவரை தெரிஞ்ச கடைன்னா அமுக்குங்க, தெரியாத திருட்டு மெயில்னா ரிப்போர்ட் ஸ்பேம் மட்டும். ஒரு நாளைக்கு 5000க்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்பறவங்க, விளம்பர மெயில்ல ஒரே க்ளிக்ல அன்சப்ஸ்கிரைப் வைக்கணும்னு 2024ல கூகுள் ரூல் போட்டுச்சு, அதனால இப்ப பெரிய கடைங்க கிட்ட கொஞ்சம் ஈசி.

நூல்கண்டு:
அப்டேட்: கார்டு பிளாக் பண்ணியாச்சு, கம்ப்ளெயின்ட் நம்பர் வந்துருச்சு, பணம் வர நாளாகுமாம். போன் நம்பரும் மாத்திட்டேன். ஃபில்டர்ல ஒண்ணும் இல்ல, பாஸ்வேர்ட் மாத்தி டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனும் போட்டாச்சு. மெயில் வரத்து நாளுக்கு முப்பதா குறைஞ்சிருச்சு. அந்த நாய் பிஸ்கட்காரன் மட்டும் இன்னைக்கும் பத்து பர்சன்ட் தள்ளுபடின்னு அனுப்பறான், அவனுக்கு அன்சப்ஸ்கிரைப் அமுக்கலாமா?

கட்டெறும்பு:
அமுக்குங்க, பாவம் அவன் நிஜ கடைக்காரன்தான்.