அப்பாவுக்கு ஹீமோபிலியா, கேள்வியெல்லாம் அண்ணனுக்கு

என் அப்பாவுக்கு ஹீமோபிலியா ஏ. இரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 அவருக்கு மிகக் குறைவு. முழங்கால் வீங்கி அவர் நொண்டி நடப்பதை பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்களைத் தெரிந்த எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "அப்பாவுக்கு இருக்கே, பையனுக்கும் பேரப்பிள்ளைக்கும் வராதா?"

வராது. அந்தக் குறை இருப்பது மரபணுக்களைத் தாங்கும் எக்ஸ் குரோமோசோமில். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய்தான். அண்ணனுக்கு அப்பா கொடுத்தது ஒய். அவரிடமிருந்த ஒரே எக்ஸ் எனக்குத்தான் வந்தது. ஆகவே நான் கண்டிப்பாகக் கேரியர், அதாவது அந்தக் குறையுள்ள மரபணுவைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவள். என் கல்யாணத்தின்போது இதை ஒருவரும் கேட்கவில்லை. கர்ப்பமான பிறகு டாக்டர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

பிறப்பது பையன் என்றால் நோய் வர 50 விழுக்காடு வாய்ப்பு. பெண் என்றால் கேரியராக இருக்க 50. ஆணா பெண்ணா என்று தெரியாதபோது நோயுள்ள பையன் பிறக்க 25. முதல் மகனுக்கு ஒன்றுமில்லை என்றதும் மாமியார், "அப்போ அடுத்ததுக்கு வந்துடுமோ" என்று கலங்கினார். நாத்தனாரோ, "இனிமே வராது அண்ணி" என்றாள். இரண்டுமே சரியில்லை. பூவா தலையா போடும்போது போன தடவை விழுந்தது கணக்கில் சேராது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே 25தான்.

கேரியர் பெண்கள் தங்கள் ஃபேக்டர் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமாக இருக்கும், பல் பிடுங்கினாலும் நிற்காது. பிரசவத்தில் குழந்தையின் தலையை உறிஞ்சி இழுக்கும் வேக்கூம் கருவியைப் போடாமல் பார்த்துக்கொண்டார்கள், தொப்புள்கொடி இரத்தத்திலேயே மகனுக்குச் சோதித்தார்கள்.

பட்டர்வொர்த்தில் இருக்கும், அப்பாவுடன் பிறந்த அத்தையிடம் பேசினேன். "எம் பசங்க ரெண்டு பேருக்கும் இல்லையேம்மா" என்றார். பாட்டி கேரியராக இருந்திருந்தால் அத்தைக்கு வாய்ப்பு 50. என்னைப் போல அவர் கேரியர் என்பது உறுதியில்லை என்பதால் இங்கே மகன்கள் கணக்கில் சேருவார்கள்: இருவருக்கும் இல்லாததால் அது 20 ஆகக் குறைகிறது. அவர் மகளுக்கு அதில் பாதி, 10. குறைவுதான், ஆனால் பூஜ்யமில்லை. அவளுக்கு ஃபேக்டர் அளவு சரியாகவே இருக்கிறது. அதை மட்டும் வைத்துக் கேரியர் இல்லை என்று சொல்லிவிட முடியாது, மரபணுவையும் பார்க்க வேண்டும். அப்பாவின் மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்று முதலில் தெரிந்தால் அவளுக்குத் தேடுவது சுலபம் என்றார்கள். அப்பா அன்றே இரத்தம் கொடுத்துவிட்டார். அவளுக்கு நிச்சயதார்த்தம் தை மாதம். அதற்குள் முடிவு வந்துவிட வேண்டும்.