புதுப்பிப்பு: சவரக்கத்தி முடியை இழுத்த பிரச்சினை தீர்ந்தது

எவ்வளவு தீட்டினாலும் என் சவரக்கத்தி முடியை வெட்டாமல் இழுக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது மார்க்கர் யோசனைதான். கூர் விளிம்பு நெடுக மை தடவி, கல்லில் நாலு முறை மெதுவாகத் தேய்த்தேன். இரு ஓரத்திலும் மை போனது, நடுவில் அப்படியே கருப்பாக இருந்தது, அதாவது நடுப்பகுதி கல்லில் படவே இல்லை. குற்றம் கத்தியில் இல்லை, புதுக் கல்லே நடுவில் குழிந்திருந்தது! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கல்லில் பென்சில் கட்டம் போட்டு, கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் தண்ணீர் விட்டு, கோடுகள் முழுக்க அழியும்வரை தேய்த்தேன். பிறகு 1000, 4000, 8000 கிரிட் கற்களில் வரிசையாகத் தீட்டினேன் (கிரிட் எண் கூடக் கூட கல் நைசாக இருக்கும்). கத்தியின் முதுகும் (கூர் இல்லாத தடித்த பக்கம்) விளிம்பும் சேர்ந்தே கல்லில் படும்படி, அழுத்தாமல். கடைசியில் தோல்வாரில் (கூரை மெருகேற்றும் தோல் பட்டை) 50 முறை, முதுகு முன்னே போக. திருப்பும்போதும் முதுகின்மேல்தான் புரட்ட வேண்டும், இல்லையென்றால் தோல்வார் கிழியும்.

இன்று காலைச் சவரத்தில் ஒரு முடிகூட இழுக்கவில்லை.