மறு: படகுக் கழிப்பறைக் கழிவைச் சேர்த்து வைக்கும் ஹோல்டிங் டேங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> "கழிவுநீர்த் தேக்கத் தொட்டி" போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் அண்ணே, ஆனால் வேறு எதுவோ என்று புரியும். எங்கள் காரைக்குடிப் பக்கம் ஊருக்கு ஊர் 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி' என்று பெயின்டில் எழுதி நிற்கிறது. தேக்கத் தொட்டி என்றாலே குடிதண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

செப்டிக் டேங்க் என்றும் எழுத முடியாது. அதில் கழிவு மக்கும், மேல்நீர் மறுபக்கம் போய்விடும். படகில் அந்த வேலையே நடப்பதில்லை. கழிப்பறையிலிருந்து வருவது அப்படியே கிடக்கும். கரைக்கு வந்ததும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான மார்போல், பெரிய கப்பல்களுக்கு வைத்திருக்கும் விதிப்படி, சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். அதுவரை சுமந்துதான் ஆக வேண்டும்.

அதனால் என் பரிந்துரை 'கழிவிருப்புத் தொட்டி'. நம் செட்டிநாட்டுப் பேரேட்டில் வரவு, பற்று போக நிற்பது இருப்பு. இங்கேயும் அதே கணக்குதான்.

பினாங்கில் படகுப் பட்டறையில் இருக்கும் தம்பி மகனுக்காக எழுதும் கையேட்டில் போட்டுப் பார்த்தேன்:

"கழிவிருப்புத் தொட்டியைக் கழற்றுமுன் முழுதும் உறிஞ்சி எடுக்கவும். நல்ல தண்ணீர் விட்டு அலசி மீண்டும் உறிஞ்சவும். தெளிவாக வரும்வரை இதைச் செய்யவும். எவ்வளவு உறிஞ்சினாலும் குழாய் வளைவுகளில் கொஞ்சம் நிற்கும். எனவே இணைப்புக்கு அடியில் குழந்தை டயப்பரை விரித்துவிட்டு கிளாம்பைத் தளர்த்தவும். குழாய் நுனி வெளியே வந்த உடனே பாலித்தீன் பை மாட்டி டேப் சுற்றவும். தொட்டியின் எல்லா வாய்களையும் அடைத்த பிறகே தூக்கவும். பழைய குழாயைத் திரும்பப் போடாதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியால் வெளிப்புறம் துடைத்து முகர்ந்தால் காரணம் தெரியும். புதுத் தொட்டியில் முதலில் வெறும் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கவும்."

எனக்கு உறுத்தாமல் ஓடுகிறது. டயப்பரை 'அணையாடை' ஆக்கச் சொல்லாதீர்கள், கடையில் கேட்டால் கிடைக்காது.

இன்னொருவர் அலுமினியத் தொட்டி 'துருப்பிடித்து' ஓட்டையாகும் என்று எழுதியிருந்தார். துரு இரும்புக்கு, அலுமினியத்துக்கு அரிமானம். சிறுநீர் பட்டு, வெல்டிங் வைத்த இடத்தில்தான் முதலில் அரிக்கும். அரிமானத்தை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற காரைக்குடியிலிருந்து துரு என்று எழுதி அனுப்பினால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பாலித்தீன் தொட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

நான் மாட்டிக்கொண்டிருப்பது தொட்டிக்குக் காற்று போய்வரும் குழாயான 'வென்ட்' என்பதில். புகைபோக்கி மாதிரி 'காற்றுப்போக்கி' என்று வைத்தேன். ஆனால் தொட்டி நிரம்பும்போது காற்று வெளியே போகிறது, உறிஞ்சும்போது உள்ளே வருகிறது. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, மேல்தள மூடியைத் திறந்தவர் முகத்திலேயே பீய்ச்சி அடிக்கும். அதனால் படிப்பவர் தப்பாக எடுத்துக்கொள்ளவே கூடாத சொல் இதுதான். இப்போதைக்கு நம்மூர் பிளம்பர் சொல்லும் 'ஏர் பைப்' என்றே விட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் போய்வருவதைக் காட்டும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.